ஓரத்தில் நின்றவன்

அக்கா வீட்டு ஹாலில் டிரெட்மில் வந்து இறங்கிய நாளில் அவன் பெரிய வீரனைப் போலத்தான் அதன்மேல் ஏறினான். மாமா கைதட்டினார். அவன் மனைவி, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்றாள். உள்ளறைக் கட்டிலிலிருந்து அக்கா, "உருண்டை ஏறிட்டானா? மெஷினுக்கு உயிர் இருக்கா?" என்று குரல் கொடுத்தாள். உருண்டை என்பது அரை டவுசர் காலத்தில் அக்கா வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி.

விஷயம் இதுதான். அக்காவின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. குடிகாரர்களுக்கு வந்திருக்க வேண்டிய வியாதி, ஒரு சொட்டுகூடத் தொடாதவளுக்கு வந்து தொலைத்தது. யாராவது தன் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தால் பிழைப்பாள். கொடுத்தவருக்கு அது மறுபடியும் வளர்ந்துவிடும். மாமாவின் ரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் கிடையாது. சேர்ந்தது தம்பியின் ரத்தம் மட்டும்தான். ஆனால் தம்பியின் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. "பதினெட்டு கிலோ இறக்கிட்டு வாங்க, கொழுப்பு கரையட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார், என்னவோ அலமாரியிலிருந்து டப்பாவை எடுக்கிற மாதிரி.

மாமா லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போன அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தூசி மண்டிக் கிடந்த டிரெட்மில்லைப் பேசி வாங்கி, தானே பிரித்து, எண்ணெய் விட்டு, ஹாலில் கொண்டுவந்து போட்டார். தம்பியின் வீட்டில் அதற்கு இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் அவன் மனைவி சம்மதித்திருக்க மாட்டாள். அக்கா வீடு என்றால் நாலு பேர் கண்ணில் படுவான் என்பது அவள் கணக்கு. புருஷனை அவளுக்குத் தெரியாதா என்ன!

அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான். அவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. "பயப்படாதீங்க, ஓட்டுங்க, நான் இருக்கேன்ல" என்று கை நடுங்குகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்வான். சொல்லும்போது அவன் கால் மட்டும் பிரேக்கை விட்டு நகராது.

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீடு. முதல் சில வாரங்கள் நிஜமாகவே நடந்தான். சட்டை பிழியப் பிழிய நடந்தான். முழங்கால் கெஞ்சியது, நாக்குத் தள்ளியது, விடவில்லை. மனைவி தட்டில் வைத்த வேகவைத்த காய்கறியை முகம் சுளிக்காமல் விழுங்கினான். பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கார் கற்க வந்தவர்கள், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரும் அசந்துவிட்டார். "பரவாயில்லையே! இப்படியே போனா அடுத்த மாசமே தேதி குறிச்சிடலாம்." அவனைப் படுக்கவைத்து, எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று காட்டுவதற்காக, நெஞ்சுக்குழியிலிருந்து கீழே விரலால் ஒரு கோடு இழுத்தார். அந்த விரல் சில்லென்று இருந்தது.

அன்று மாலை மெஷினில் ஏறினான். பட்டை ஓட ஆரம்பித்தது. கால் வரவில்லை. அதுவரை எடை குறைப்பது ஒரு வேலையாக இருந்தது. தேதி என்று ஒரு வார்த்தை விழுந்ததும்தான் அதன் மறுமுனையில் கத்தி இருப்பது உறைத்தது. வைக்கிற ஒவ்வொரு அடியும் அந்தக் கத்தியிடம்தான் கொண்டுபோய் விடப்போகிறது. பட்டைக்கு இரண்டு பக்கமும் ஏறி இறங்குவதற்காக அகலமான ஓரம் இருக்கும். ஒரு காலை இந்த ஓரத்திலும் மறு காலை அந்த ஓரத்திலும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால்களுக்கு நடுவில் பட்டை தன்பாட்டுக்கு ஓடியது. யார் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்று மெஷின் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனது. மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் நின்றான். பிறகு நேரம் முடியும்வரை நின்றான்.

இறங்கியதும் குளியலறைக்குப் போய் முகத்திலும் சட்டையிலும் தண்ணீரை அடித்துக்கொண்டான். வெளியே வந்தபோது மாமா துண்டை நீட்டினார். "பாவம்டா நீ" என்றார். அந்தத் துண்டால் முகத்தைத் துடைக்க அவனுக்குக் கை கூசியது. ஆனாலும் துடைத்தான்.

நாளைக்கு நடந்துவிடலாம் என்று நினைத்தான். மறுநாளும் நின்றான். அப்புறம் அதுவே பழகிவிட்டது. கேவலம், இதுவும் பழகிவிடுமா என்றால், பழகிவிடுகிறது. காற்று வரவில்லை என்று மாமா திறந்துவைக்கும், ஹாலிலிருந்து உள்ளே போகிற கதவை, வியர்த்தால்தானே எடை குறையும் என்று சொல்லி இவன் சாத்திவிடுவான். பயிற்சி காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு க்ரீம் பன் தின்றான். தின்று முடித்ததும் தன் மேலேயே வந்த வெறுப்பில் இன்னொன்று தின்றான்.

அவனுக்கிருந்த ஒரே பயம் மாமாவின் காது. மூடிய லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறதா, காலியாகப் போகிறதா என்று மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர். நல்லவேளையாக, இவன் மெஷினைப் போட்டதுமே உள்ளறையிலிருந்து அக்கா கத்துவாள். "ஏங்க, இந்த இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. டிவியைக் கூட்டி வைங்க!" டிவி அலறும். அடுப்படியில் சூப் வைத்துக்கொண்டிருக்கும் மாமாவின் காதில் வேறெதுவும் ஏறாது. அந்த அலறலுக்கு அவன் மனசுக்குள் கும்பிடு போட்டான்.

இதற்குள் அக்காவின் கண்கள் மஞ்சளாகிவிட்டன. கையும் காலும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்தது. "பாருடா, நானும் உருண்டை ஆயிட்டேன்" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான். மனைவி, ஒரு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிட்டாரே என்று உருகிப்போனாள்.

மறுபடியும் டாக்டர். இந்தத் தடவை அக்காவையும் சக்கர நாற்காலியில் கூட்டிப்போயிருந்தார்கள். டாக்டர் எடையைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என்னங்க இது? இறங்கினதெல்லாம் திரும்ப ஏறியிருக்கு. கொழுப்பு மறுபடி சேர்ந்திருக்கு. நிஜமாவே நடக்கறீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். தினமும் நடக்கறான். நான் கேட்டுகிட்டுதானே படுத்திருக்கேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணலாம். ஆனா அதுவரைக்கும் இவங்க தாங்கணும். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

திரும்பும்போது காரில் கொஞ்ச தூரம் போனதும் மாமா அவன் தோளில் கை வைத்தார். "மனசை விட்டுடாதடா. உடம்பு வாகு அப்படி. நீ என்ன பண்ணுவ? உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்ட." பின்சீட்டில் அவன் மனைவி அழுதாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. காரிலிருந்து குதித்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தோளில் இருந்த கை வீடு வரும்வரை அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மாமா டிவியைச் சன்னமாகப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். மனைவி மாத்திரை வாங்கப் போனாள். அவன் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"அக்கா, நான் நடக்கலக்கா. சும்மா ஓரத்துல நின்னுகிட்டிருந்தேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்டா."

"தெரியுமா?"

"மொதல்ல எல்லாம் நீ நடந்தா தொம்தொம்னு வீடே அதிரும். அலமாரில டம்ளர் ஆடும். திடீர்னு ஒரு நாள் அது நின்னுபோச்சு, மெஷின் மட்டும் ஓடுது. எனக்குக் கல்லீரல்தான்டா கெட்டுப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"அப்போ, டிவி..."

"உங்க மாமா காதைப் பத்தித் தெரியாதா உனக்கு? தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாரு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா!"

"என்னன்னு கேக்கறது? உன் வயித்தைக் கிழிச்சு எனக்குக் குடுன்னு எந்த வாயால கேக்கறது?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீயா நடப்பேன்னு பாத்தேன். இன்னிக்காவது டம்ளர் ஆடுதான்னு தினமும் அந்த அலமாரியையே பாத்துகிட்டிருப்பேன்."

அவன் கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டா பயம். உனக்காவது ரெண்டு பக்கமும் நிக்க ஓரம் இருக்கு. எனக்கு அது இல்லையே."

குத்திக்காட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அவன் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்துவிட்டாள். அந்தக் கைக்கு எடையே இல்லை.

அவன் எழுந்து ஹாலுக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. மெஷினைப் போடும் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து மாமா, "இன்னிக்கு வேணாம்டா, விடு" என்றார். அவன் பட்டையின் மேல் கால் வைத்தான். பழக்கம் விட்டுப்போன உடம்பு தள்ளாடியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தான். நெஞ்சுக்குழியில் அந்தச் சில்லிப்பு அப்படியே இருந்தது. வீடு அதிர்ந்தது. உள்ளறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

மாமா கையைத் துடைத்தபடி உள்ளறைக்கு வந்து, வழக்கம்போல் டிவி ரிமோட்டை எடுத்தார்.

"கூட்ட வேணாங்க. நிறுத்திடுங்க" என்றாள் அக்கா.

டிவி நின்றது. மெஷினின் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் வீட்டில் கேட்டன. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் சில வாரங்களில் கேட்ட சத்தம் அது. நடுவில் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று யோசிக்கிற மாதிரி அவர் நெற்றி சுருங்கியது. மெதுவாக உள்ளறை வாசல்படிக்கு வந்து தம்பியின் கால்களைப் பார்த்தார். காலியாகக் கிடந்த இரண்டு ஓரங்களையும் பார்த்தார். திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

அக்கா, "இன்னிக்கு நடக்கறான், விடுங்க" என்றாள்.

மாமா கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தபடி அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளர் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று நடந்துகொண்டிருந்தான்.