வாசித்துக் காட்டும் பழக்கம்

மானிடவியல் படித்துவிட்டு நான் பத்திரிகையில் சேர்ந்தபோது அண்ணன் சிரித்தான். "எலும்பு பொறுக்கப் போவேன்னு பார்த்தா, வம்பு பொறுக்கப் போற."

கல்லூரிகளில் வேலை கிடைக்கவில்லை. செய்தி ஆசிரியர், அடுத்தவர் பேச்சில் குறுக்கிடாமல் உட்காரத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். படித்ததில் எனக்கு மிஞ்சியது அதுதான். தற்காலிக வேலை. முதல் பக்கச் செய்தி ஒன்று கொண்டுவந்தால் நிரந்தரம் என்றார்.

மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியில் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். அழுக்கு விரிப்புகளைப் பிரிக்கும் பெண்களோடு வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அவர்களில் மூத்த அக்கா தானாகச் சொன்னார். விரிப்புக்குள் கிடந்த ஊசி கையில் குத்தித்தான் அவருக்குக் காமாலை வந்ததாம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று நிர்வாகம் மிரட்டியதாம். தன் பெயரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

எழுதியதை அச்சுக்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் முதலில் கேட்க வேண்டும் என்பது மானிடவியலில் பழகியது. பத்திரிகையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

அக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டார்.

"நான் சொன்னதுதான். ஆனா வீட்டுக்காரருக்குத் தெரியாதும்மா. வெளிச் சாப்பாட்டால வந்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன். வேணாம், விட்டுடு."

செய்தி ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்னை யாரு படிச்சுக் காட்டச் சொன்னா? கையில வந்ததைக் கோட்டை விட்டுட்டு நிக்கிற!"

"வேணாம்னுட்டாங்க சார்."

"சொன்னது சொன்னதுதானே? போடுவோம்."

"போட்டா நான் வேலையில இருக்க மாட்டேன்."

"போடாட்டியும் இருக்க மாட்டே" என்று தன் கண்ணாடி அறைக்குள் போனார்.

என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அக்கா தொலைபேசியில் அழைத்தார். "வீட்ல சொல்லிட்டேன். பேரோட போட்டுக்கோ. இரு, அவர் பேசணுமாம்."

ஆண் குரல் தயங்கியது. "ஊசி குத்துனது நிஜமாங்க?"

"ஆமாங்க."



"பக்கத்துலயே படுத்துக் கிடக்கேன். எங்கிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொல்லியிருக்கா."

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து செய்தி ஆசிரியர் என்ன என்று கையை ஆட்டிக் கேட்டார். போடலாம் என்று தலையசைத்தேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.