பத்துக்கு ஒன்பது

...அதுவும் ஒன்பது. ஏழோ எட்டோ போட்டிருந்தால்கூட ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம், லேசாக ஒரு சந்தேகம் இருந்தது, பெரிதுபடுத்த வேண்டாமென்று விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஒன்பதைப் போட்டதோடு நிற்காமல் அதற்குக் கீழே 'இனிப்பு அளவாக இருக்கிறது' என்று வேறு எழுதித் தொலைத்த கையை என்ன செய்வது... கேக்கம்மா தன் வலது கையை இடது கைக்குள் பொத்தி மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வருடம் பேக்கரி நடத்தியதில் சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே பாதி மறந்துபோய், ஊருக்கெல்லாம் அவள் கேக்கம்மா ஆகிவிட்டாள். அந்தப் பெயருக்காகத்தான் வருடா வருடம் இந்தச் சமையல் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள், அப்படி உட்கார்ந்துகொண்டுதான் இன்று மத்தியானம் ஒரு வாய் உப்பைத் தின்றுவிட்டு இனிப்பு அளவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள்.

செயலாளர் இரண்டு மதிப்பெண் சீட்டுகளையும் மேசைமேல் அருகருகே வைத்து மூன்றாவது தடவையாகப் பார்த்தார், ஒன்றில் ஒன்பது, இன்னொன்றில் பூஜ்யம். பூஜ்யம் போட்டவர் இரண்டாவது நடுவர், பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், கேக்கை வாயில் வைத்த கையோடு கைக்குட்டையில் துப்பிவிட்டு வந்தவர், இன்னும் உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார். போட்டியாளர்களில் ஒருத்தியான தையல்காரி செய்த ஆரஞ்சு கேக் அது, மேலே வெள்ளையாகத் தூவியிருந்தது பொடித்த சர்க்கரை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், தூவியவள் உட்பட. செயலாளர் துப்பறியும் ஆசை உள்ளவர் போலிருக்கிறது, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார், கேக்கம்மா சாப்பிட்டபோது இனிப்பு, நாற்பது நிமிடம் கழித்துச் சமையல்காரர் சாப்பிட்டபோது உப்பு, நடுவில் அறை பூட்டியிருந்தது, தட்டு எடுக்க உள்ளே போய்வந்தது ஒரே ஆள். பாத்திரம் கழுவுகிற பெண். அவளுடைய அண்ணியும் இதே இறுதிச் சுற்றில் இருக்கிறாள். போதாக்குறைக்குத் தையல்காரியின் டப்பாக்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள், தடயத்தை அழித்தது மாதிரி. பாத்திரம் கழுவ வைத்த ஆள் பாத்திரம் கழுவாமல் வேறென்ன செய்வாள் என்று யாராவது கேட்கலாமே, கேட்கவில்லை, கேக்கம்மாவும் கேட்கவில்லை, அந்தப் பெண் ஈர முந்தானையை முறுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

நடுவில் வந்து யாரும் எதையும் தூவவில்லை என்பது இந்த அறையில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் கேக்கம்மாவுக்குத் தெரியும். தையல்காரி கடையில் பொடித்த சர்க்கரை வாங்குகிறவள் இல்லை, தானே மிக்சியில் போட்டு மாவாக அடிப்பாள், காலைச் சுற்றில் வறுத்த முந்திரிமேல் தூவ அதே மிக்சியில் உப்பையும் மாவாக அடித்தாள், இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், ஒட்டினாற்போல, ஒன்றிலும் பெயர் எழுதவில்லை... காலையில் சுற்றிப் பார்க்கப் போனபோது கண்ணில் பட்டதே, அடடா, இது வம்பாயிற்றே என்று வாய்வரைக்கும் வந்ததே, நடுவர்கள் போட்டியாளரோடு பேசக் கூடாது என்ற விதியை நினைத்து அதை விழுங்கிவிட்டாள். அந்த ஒரு விதியை மட்டும் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தாய், வெட்கமாக இல்லை? இருக்கிறது, காதுமடல் வரைக்கும் சுடுகிறது.

நாலு மாதம் முன்னால் ஒரு காய்ச்சல், பத்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது, நாக்கும் மூக்கும் மட்டும் திரும்பி வரவில்லை, காபி வெறும் சுடுதண்ணீர், வெண்ணெய் வெறும் வழவழப்பு. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, அவர் ஒருநாள் குழம்பில் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டபோது வயசானா இப்படித்தான் என்று அவரையே மட்டம் தட்டி வாயை அடைத்தாள், பாவம், அவரும் தன் நாக்குக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று இரண்டு நாள் கவலைப்பட்டார். முதல் சுற்றுகளில் பிரச்சினை இல்லை, பக்கத்தில் சமையல்காரர் இருந்தார், அவருடைய புருவம் ஏறினால் எட்டு, இறங்கினால் ஐந்து, அவருடைய முகத்தைப் பார்த்துக் காப்பியடித்தே காலம் ஓடியது. இறுதிச் சுற்றுக்குத்தான் புது விதி கொண்டுவந்தார்கள், நடுவர்கள் தனித்தனியாக ருசி பார்க்க வேண்டும். அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம், தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம்... இல்லை, கண் இருக்கிறது, விரல் இருக்கிறது, முப்பது வருட அனுபவம் இருக்கிறது என்று ஒரு திமிர். கத்தி இறங்கிய விதம் நன்றாக இருந்தது, அழுத்தினால் மெத்தென்று எழுந்தது, ஓரம் கருகவில்லை. ஒன்பது.

அந்தப் பெண் தட்டு எடுக்க வந்தது நினைவிருக்கிறது, ஒரு கரண்டி மட்டும் குறைந்த துண்டோடு எடுத்துக்கொண்டு போனாள், கொஞ்ச நேரத்தில் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து மேசையில் வைத்தாள். எவ்வளவு பணிவான பெண் என்று நினைத்துக்கொண்டு கேக்கம்மா அடுத்த கேக்கின் ஓரத்தைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள். இப்போது அதே பெண் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறாள், நான் செய்யவில்லை என்று தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சொன்னதோடு சரி, அழவில்லை, சாபம் விடவில்லை, இடையிடையே கேக்கம்மாவை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறாள், அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம், இல்லையே, ஏதோ ஒரு மரியாதை இருக்கிறது, அதுதான் முள்ளாகக் குத்துகிறது.

செயலாளர் ஒரு தாளில் எழுதி முடித்துக் கேக்கம்மாவின் பக்கம் தள்ளினார். இவளை வேலையிலிருந்து நிறுத்துவது, அண்ணியைப் போட்டியிலிருந்து விலக்குவது. "நீங்க சாப்பிட்டப்போ நல்லா இருந்துச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும் மேடம்," என்றார். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, கேக்கம்மா கேக்கம்மாவாகவே வீட்டுக்குப் போகலாம், இன்னும் எத்தனை வருடம் எத்தனை பேருடைய புருவத்தைப் பார்த்துக்கொண்டு... பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் சாப்பிடும்போதே அது உப்புதான். எனக்குத்தான் தெரியல. நாலு மாசமா எனக்கு எந்த ருசியுமே தெரியல."

சமையல்காரர் உதட்டைத் துடைப்பதை நிறுத்தினார், செயலாளர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், கேக்கம்மா அந்த டப்பா விவரத்தையும் சொல்லி முடித்தாள். மானம் போய்விடும் என்று இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா, இவ்வளவுதானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்போதுதான் சுவரோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"உப்புன்னு எனக்குத் தெரியும்மா. நீங்க மிச்சம் வச்சத வாயில போட்டுட்டேன், போட்டிச் சாப்பாட்ட நாங்க தொடக்கூடாது, அதான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அந்தத் தையல்காரக்கா மனசு நோகக்கூடாதுன்னு நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டு முழுங்கிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் தண்ணி கொண்டாந்தேன்."

கேக்கம்மாவை ஒரு நல்ல மனுஷி என்று நம்பி, அந்த நல்லதனத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, அரை மணி நேரமாக வேலை போகிற நிலையிலும் வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள், அதைவிடச் செயலாளரே நாலு அறை அறைந்திருக்கலாம் என்று கேக்கம்மாவுக்கு இருந்தது. சமையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார், செயலாளர் தாளைக் கிழித்தார், அந்தப் பெண் கழுவ வேண்டியது நிறைய கிடக்கிறது என்பதுபோல வாசலைப் பார்த்தாள். பேச்சு அதோடு முடிந்திருக்கும், ஆனால் அந்த டம்ளர்... கேக்கம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லையே, ஒரு வாய் உப்பைத் தின்றவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நிறைய நிறையத் தளும்பிக்கொண்டிருந்த டம்ளரைப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனவளும் இவள்தானே, எடுக்கும்போது டம்ளரைப் பார்த்தாள், பிறகு கேக்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஆமாம், பார்த்தாள், ருசி தெரியாததை அப்போதே புரிந்துகொண்டிருப்பாள்... அப்படியென்றால் இப்போது சொன்னது?