கடலுக்குச் சொன்ன மாதிரி

“மேகம் இருக்கா? காத்து அடிக்கா? வானத்தைப் பாருட்டி, வெளுத்த வேட்டி கெணக்கா கெடக்கு!”

“நீங்க வானத்தைப் பாக்குதீங்க, நான் போன்ல சொன்னத…”

“போன்ல சொன்னாவளாம்! போன வருசம் என்ன சொன்னாவ? ஓரிரு இடங்களில் மிதமான மழைன்னாவ. நம்பி மிளகா வெதச்சேன். அந்த ஓரிரு எடம் எங்கட்டி இருக்கு? இன்னும் தேடுதேன்.”

கடற்கரைக் கோயிலின் கீழ்ப்படியில் நின்று ஜெயபாண்டி கத்தினான். மேல்படியில் உட்கார்ந்து அவன் மனைவி உமாராணி கத்தினாள். அவள் மடியில் மூன்று வயது இசக்கிச்செல்வி, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயாமல், இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். மொட்டை போட்டுக் கடலில் மூன்று முங்கு முக்கி எடுப்பதாக நேர்த்திக்கடன். அதற்காகத்தான் விடிகாலையில் விளாத்திகுளத்தில் பஸ் ஏறியிருந்தார்கள்.

“அங்கன பாருங்க, படகையெல்லாம் மேல இழுத்துப் போட்டிருக்காவ.”

“அவியளுக்கு இன்னைக்கு லீவா இருக்கும்.”

உமாராணி போனை எடுத்து, பஸ்ஸில் வரும்போது ஊர்க் குழுவில் வந்த குரல் செய்தியை மறுபடி போட்டாள். வானிலை ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“கடற்கரைக்குப் போறவங்க கவனிங்க. வானம் தெளிவா இருக்கும், காத்து இருக்காது. ஆனாலும் தூரத்துக் கடல்ல கிளம்பின பெரிய அலை இன்னைக்குப் பகல் முழுக்கக் கரைக்கு வரும். கணுக்கால் தண்ணியில கூட இறங்காதீங்க. கடல் திடீர்னு உள்வாங்கினா வேடிக்கை பார்க்காதீங்க, மேட்டுக்கு ஓடுங்க.”

“முந்தியெல்லாம் மீட்டரு, வினாடின்னு என்னமோ வாசிப்பாவ, ஒரு எழவும் வெளங்காது. இந்தப் பிள்ள எனக்குன்னே சொல்லுத மாரி சொல்லுதா. செல்விய நான் எறக்க மாட்டேன்.”

“அப்ப சாமிக்கு நேந்தது? நான் ஒரு வாளி மொண்டுட்டு வாரேன், இங்கன வச்சு ஊத்து.”

“நீங்களும் எறங்காதீங்க. நான் சொல்லுதது கேக்கா?”

அவன் கேட்கவில்லை. வாளியோடு மணலில் பத்தடி நடந்தான். கடல் அவனுக்கு வழிவிடுவதுபோல் பின்னால் போனது, போய்க்கொண்டே இருந்தது. ஈர மணலெங்கும் சிப்பிகள் மின்னின.

“ஏட்டி, இங்கன பாரு! பிள்ளைக்கு வெளையாட…”

“உள்வாங்கினா ஓடணும்னு சொன்னால்லா! ஓடியாங்க!”

சிப்பி பொறுக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான். அந்தக் குரலின் கடைசி வார்த்தை அப்போதுதான் அவனுக்குள் இறங்கியது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். ஐந்தாம் படியில் அவன் கால் வைத்தபோது, கீழே நாலு படியும் தண்ணீருக்குள் இருந்தன. வாளியைக் காணோம். அவன் கழற்றிப் போட்டிருந்த செருப்பையும் காணோம்.

மூச்சு வாங்க மேலே வந்து உட்கார்ந்தான். உமாராணி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே தடவிக்கொடுத்தாள். அலை தெறித்து மேல்படிக் குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை அள்ளிப் பிள்ளையின் தலையில் மூன்று தரம் ஊற்றினாள்.

“மூணு முங்கும் ஆச்சு. கடலே ஏறி வந்து குடுத்துட்டுப் போயிருக்கு.”

“போன்ல அந்தப் பிள்ளைய இன்னொருக்க பேசச் சொல்லு.”

அவள் போட்டாள். ஜெயபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டான். குரல் நின்றதும் போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

“நீ நல்லா இருக்கணும் தாயி. கடலுக்குச் சொன்ன மாரி, எங்க மிளகாக் காட்டு மழைக்கும் ஒருநாளு சொல்லுவியா?”