சம்பங்கிக்குப் பதில்

லூயிசாவுக்கு இரண்டு வயது. கையில் அகப்பட்டதைக் கொண்டு சுவரைத் தட்டிப் பார்ப்பது அவளுக்கு விளையாட்டு. மூங்கில் படல் சுவரின் பொத்தலை மண்ணெண்ணெய் டின் தகட்டால் அடைத்திருந்தார்கள். அன்று தங்கச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடிந்து வந்து அவள் அப்பன் ஏனோக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டியால் அந்தத் தகட்டில் மூன்று முறை தட்டினாள்.

அடுத்து நடந்தது ஏனோக்குக்கே தெரியாது. தெரிந்தபோது களிக் கிண்ணம் பிள்ளையின் காதை ஒட்டிப் பறந்து, தகட்டில் மோதி நசுங்கிக் கிடந்தது. லூயிசா அழவில்லை. அவனையே பார்த்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவன் மனைவி பாக்கியவதி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் துணிகளைப் பழஞ்சேலையில் வைத்து மூட்டை கட்டினாள்.

“நாளைக்கு இவள பூதிகோட்டைல எங்கக்கா வூட்ல வுட்டுட்டு வரேன்.”

“நீயும் அங்கியே இருந்துடுவியா?”

“நான் இன்னாத்துக்கு இருக்கறேன்? நீங்க கிண்டற களிய நாய் கூட மோந்து பாக்காது.”

அவன் சிரிக்கவில்லை. கிண்ணத்தை எறிந்த கை இன்னும் இறுகியிருந்தது. அவள் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். கோபப்படாதே என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணு என்றும் சொல்லவில்லை. விரல்கள் பிரியும்வரை அப்படியே இருந்தாள்.

“சம்பங்கி தட்றான்” என்றான் கடைசியில்.

சம்பங்கி சுரங்கத்தில் அவனோடு ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை செய்தவன். பாறை சரிந்து செத்துப் பதினொரு மாதம் ஆகிறது.

“அன்னிக்குப் பாறைக்கு அந்தாண்ட இருந்து மூணு வாட்டி தட்னான். உள்ள மாட்டிக்கினவன் தட்னா, இந்தாண்ட இருக்கறவன் திருப்பித் தட்டணும். கேட்டுது, இருக்கறோம்னு. அதான் மொற. சுத்தி என் கைலதான் இருந்துச்சி. மேல உதிர ஆரம்பிச்சுது. மேல ஏத்தற கேஜுக்கு ஓடியாந்துட்டேன்.”

நின்றிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“அப்போ இப்போ தட்டுங்க.”

“செத்தவனுக்கா?”

“அவன் சாமி வேற, நம்ம சாமி வேறன்னாலும், கேக்கறவரு ஒருத்தருதான். அவரு அவன்கிட்ட சொல்லிடுவாரு.”

ஏனோக் எழுந்து தகட்டில் மூன்று முறை தட்டினான். பதில் இல்லை. பூமிக்கடியில் வெடி அதிர்ந்து பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அவன் தோள் துள்ளியது. பின்னால் வந்து நின்றவளின் கை அவன் முதுகில் இருந்தது.

அப்போது லூயிசா அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டி, தகட்டில் தட்டினாள். மூன்று.

வயிற்றிலிருந்து கழுத்துவரை சூடு ஏறியது. ஏனோக்கின் கை உயர்ந்தது. பாக்கியவதி பிள்ளையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகிலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. சூடு ஏறுவதை அவன் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உயர்ந்த கையாலேயே தகட்டைத் தட்டினான். மூன்று.

மறுநாள் பூதிகோட்டைக்கு யாரும் போகவில்லை. ஆனாலும் மூட்டை மூலையிலேயே இருந்தது. சம்பங்கி தட்டுவதும் நிற்கவில்லை. உரல் சத்தத்தில் தட்டினான், மழையில் தட்டினான், கோயில் மணியிலும் தட்டினான். ஒவ்வொரு முறையும் ஏனோக் தன் தொடையில் மெதுவாகத் திருப்பித் தட்டினான்.

ஒரு மாதம் கழித்து லூயிசா நசுங்கிய கிண்ணத்தோடு வந்து, தானாகவே அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கரண்டியால் மூன்று முறை தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவன் தட்டினான். பாக்கியவதி போய் மூட்டையை அவிழ்த்தாள்.