பச்சை இல்லாத கண்ணாடி

மாமனாரின் கட்டிலை மீன்தொட்டியை ஒட்டிப் போட வேண்டாம் என்று யோகேஸ்வரி முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போயில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டில் கீழ்த்தளம் என்று பார்த்தால் முன்கூடமும் சமையலறையும்தான். பக்கவாதம் வந்தபின் மாமனார் சாம்பசிவத்தால் படி ஏற முடியவில்லை. வலது கையும் வலது காலும் மரத்துக் கிடந்தன, பேச்சும் குழறியது. மருத்துவமனைக் கட்டிலைப் போல் சக்கரம் வைத்த கட்டிலொன்றை வாங்கி, கூடத்தில் காலியாக இருந்த ஒரே இடத்தில் போட்டார்கள். அது தொட்டிக்கு எதிரில், கை நீட்டினால் கண்ணாடியைத் தொடும் தூரத்தில் இருந்தது.

தொட்டி அவள் கணவன் விஜயேந்திரனுடையது. வீடு மாறிப் போன யாரிடமோ வாங்கிய பழைய தொட்டி. அதில் கடல்நீரைக் கலந்து நிரப்பி, பவளங்களை வளர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் மீனும் இருந்தன. கடலோர ஊரான பொந்தியானில் மீன்வள இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாம்பசிவம் முன்பெல்லாம் அந்தத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. படுக்கையில் விழுந்தபிறகு பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயேந்திரனுக்கு வேலை சிங்கப்பூரில். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். பொட்டலம் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை யோகேஸ்வரிக்கு. சமையலறை வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டால், வேலையையும் பார்க்கலாம், மாமனாரையும் பார்க்கலாம்.

ஒருநாள் பிற்பகல், பொருள் வந்து சேரவில்லை என்று கோபப்பட்ட ஒரு பெண்மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கரண்டி கீழே விழுந்ததுபோல. திரும்பிப் பார்த்தாள். எதுவும் விழுந்திருக்கவில்லை. மாமனார் மட்டும் இடது கையைத் தூக்கித் தொட்டியின் கீழ்மூலையைக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை.

அந்த மூலையிலிருந்து தண்ணீர் மெல்லிய விசிறியாகச் சீறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு கோடு முழங்கை நீளத்துக்கு மேலேறியிருந்தது.

காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியவள் நடுவழியில் நின்றுவிட்டாள். தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது, உப்புத் தண்ணீர். தொட்டியின் பம்புகள், விளக்கு, மாமனாரின் காற்று மெத்தை எல்லாமே ஒரே மின் நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. அந்தப் பலகை கட்டிலுக்கு அடியில், தரையில் கிடந்தது. தண்ணீர் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவளோ வெறுங்காலோடு நின்றாள்.

மெயின் சுவிட்ச் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கதவோரம் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டியபடி நகர்ந்தாள். அந்தப் பக்கம் இன்னும் ஈரமாகவில்லை. மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நிமிடம் அவருக்கு ஷாக் அடித்தால் தன்னால் தொடக்கூட முடியாதே என்று நினைத்தாள். துடைப்பக் கட்டையால் சுவிட்சைக் கீழே தட்டினாள். விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. தண்ணீரின் சீறல் மட்டும் இப்போது இன்னும் பெரிதாகக் கேட்டது.

கட்டிலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சக்கரங்களின் பிரேக்கைக் காலால் தட்டினாள். மூன்று விடுபட்டன. தொட்டிப் பக்கத்துச் சக்கரம் ஒன்று மட்டும் விடவில்லை. அதை விடுவிக்க வேண்டுமானால் கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் போய்க் குனிய வேண்டும். அங்கே போவதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண் முன்னாலேயே கோடு இன்னொரு சாண் ஏறியது.

“மாமா, செவுத்தப் புடிச்சுத் தள்ளுங்க. நான் இழுக்கறேன்.”

சாம்பசிவம் இடது கையைத் தலைமாட்டுச் சுவரில் ஊன்றித் தள்ளினார். அவள் இழுத்தாள். பூட்டிய சக்கரம் ஈரத் தரையில் கிறீச்சிட்டபடி வழுக்கிக்கொண்டே வந்தது. சமையலறை வாசல்வரை வந்திருப்பார்கள். அதற்குள் முன்பக்கக் கண்ணாடி இரண்டாகப் பிளந்து விழுந்தது. தண்ணீர் ஒரே மொத்தமாக இறங்கியது. பவளப் பாறைகளும் மணலும் கண்ணாடித் துண்டுகளும் கட்டில் கிடந்த இடத்தில் வந்து சரிந்தன. அகலமான ஒரு துண்டு தரையில் வழுக்கிக்கொண்டே வந்து அவள் குதிகாலைக் கீறிவிட்டு நின்றது.

அவள் அலறியிருக்க வேண்டும். இரவு வேலை முடித்துப் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஹேமநாதன் கைலியோடு வேலி ஏறிக் குதித்து வந்தார். தண்ணீர் வெட்டு நாட்களுக்காக அவர் வைத்திருந்த நீலப் பீப்பாயைத் தூக்கி வந்து வைத்தார். மாமனார் குழறிக் குழறி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அது “மீன், மீன்” என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. கோமாளி மீன்கள் இரண்டும் கிடைத்தன; தொட்டிக்கென்று கணவன் கலந்து வைத்திருந்த உப்புநீரைப் பீப்பாயில் ஊற்றி, அவற்றையும் பவளங்களையும் அதில் விட்டார்கள். மஞ்சள் மீன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, அது பிழைக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தொட்டி வைத்திருந்த மேசையின் ஒரு கால், உடைந்த தரையோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. தொட்டி முறுக்கிக்கொண்டு, மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது.

அன்று மாலை எல்லைப் பாலத்தில் நெரிசலில் மாட்டி வீடு வந்து சேர்ந்த விஜயேந்திரன், கூடத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். இனி இந்த வீட்டில் தொட்டியே வேண்டாம், மிச்சமிருப்பதை எல்லாம் ஒரு நண்பனிடம் கொடுத்துவிடலாம் என்றான். யோகேஸ்வரியும் சரியென்றாள்.

ஆனால் தொட்டி போன பிறகும் பயம் போகவில்லை. குளிர்ப்பெட்டி ‘டக்’ என்று நின்றால் எழுந்து ஓடினாள். மழை பெய்து ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் கூடத்துக்குப் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தாள். காதை மூடி வேலை பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினாள். சமையலறையில், பீப்பாய்க்குள் மீன்களும் பவளங்களும் ஒரு சின்னப் பம்பின் தயவில் உயிரோடிருந்தன. நண்பன் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சாம்பசிவம் காலி இடத்தையே பார்த்துக் கிடந்தார். தொலைக்காட்சியைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டார். ஒருநாள் சோறு ஊட்டும்போது அவரே கேட்டார்.

“தொட்டி எப்ப வைப்பீங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒங்களுக்குப் பயமே இல்லியா மாமா? ஒங்க மேலதான விழுந்திருக்கும்?”

அவர் வெகுநேரம் சொற்களைத் தேடினார். “நான் அசையாமக் கெடக்கேன்,” என்றார் கடைசியில். “அதுங்க அசையுது.”

அந்தச் சனிக்கிழமை, நண்பனை வர வேண்டாம் என்று சொல்லும்படி கணவனிடம் சொன்னாள். புதுத் தொட்டிக்குக் கண்ணாடி பார்க்கத் தானும் வருவேன் என்றாள். மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஹேமநாதன் வந்து உட்கார்ந்தார்.

தம்போயின் பட்டறை வரிசையில் தொட்டி செய்து கொடுக்கும் லிம் என்பவரின் கடை இருந்தது. அவள் உள்ளே நுழைந்தாள். எங்கே திரும்பினாலும் சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிகள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடு இடத்தில் நின்றாள்.

லிம் மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். வெள்ளைக் காகிதத்தின்மேல் இரண்டு துண்டுகளை வைத்தார். சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு பாட்டில் பச்சையாக இருந்தது. மற்றதன் விளிம்பில் வெளிர்நீலம் லேசாகத் தெரிந்ததோடு சரி. மணலில் கலந்திருக்கும் இரும்புதான் கண்ணாடிக்கு அந்தப் பச்சையைக் கொடுக்கிறது. இரும்பைக் குறைத்துச் செய்தால் இப்படித் தெளிவாக வரும். ‘லோ அயர்ன்’ என்பார்கள். பவளம் வளர்ப்பவர்கள் நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்று இதைத்தான் கேட்பார்கள் என்றார்.

விஜயேந்திரனின் முகம் மலர்ந்தது. லிம் அந்தத் தெளிந்த துண்டை நிமிர்த்தி வைத்து, பின்னால் ஒரு சிவப்பு மூடியை வைத்தார். மூடியை எடுக்கப் போன யோகேஸ்வரியின் விரல்கள் கண்ணாடியில் இடித்தன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அங்கே கண்ணாடி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு தண்ணீரையும் தாங்கிக்கொண்டு ஒன்றுமே இல்லாததுபோல் நிற்கப் போகிற பொருள். அதற்கு எதிரில் மாமனார்.

“எனக்கு இது வேணாங்க,” என்றாள். “பச்சையே இருக்கட்டும். இருக்குதுன்னாச்சும் தெரியும்.”

விஜயேந்திரன் வற்புறுத்தவில்லை. அப்படியென்றால் சூடேற்றிக் கெட்டியாக்கிய கண்ணாடி போடலாமா, அது பலமாயிற்றே என்று கேட்டான். லிம் தலையாட்டி மறுத்தார். அது அடியைத் தாங்கும், ஆனால் உடைகிற நேரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நொடியில் முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும் என்றார்.

ஒரே நொடியில் என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் கோடு மெதுவாக ஏறியதால்தானே கட்டிலை இழுக்க முடிந்தது. அந்தக் கோட்டை நினைத்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது அன்று புதிதாக வந்த கோடு இல்லை.

கழிவுப் பெட்டியில் விரிசல் விட்ட துண்டு ஏதும் உண்டா என்று லிம்மிடம் கேட்டாள். அவர் இரண்டு விதத்திலும் தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் அவற்றை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பை ஒட்டி ஓடிய விரிசல், பச்சைக் கண்ணாடியில் பச்சை நிழலாக மங்கியது. தெளிந்த கண்ணாடியில் அது வெள்ளை நூல்போலப் பளிச்சென்று நின்றது.

“பழைய தொட்டில அந்த மூலைய நான் பல நாளாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்,” என்றாள் கணவனிடம். “லேசா ஒரு கோடு. கண்ணாடியோட நெறம்னு நெனச்சிட்டேன். பச்சையோட பச்சையாக் கலந்து போச்சு. எனக்கு இந்தத் தெளிவானதே வேணும். அழகுக்கு இல்ல. எனக்குத் தெரியணும்.”

கண்ணாடியின் நிறத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை என்று லிம் நேர்மையாகச் சொன்னார். பலம் தடிமனிலும் ஒட்டும் வேலையிலும் மேசையின் சமத்திலும் இருக்கிறது. தெளிந்த கண்ணாடியில் கீறல் எளிதில் விழும், துடைக்கும்போது மணல் மாட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தார். முன்னாலும் இரு பக்கமும் தெளிந்த கண்ணாடி, பின்னாலும் அடியிலும் சாதாரணம் என்று முடிவாயிற்று. அவர் சொன்ன தடிமனுக்கு அடுத்த தடிமனையே போடச் சொல்லி யோகேஸ்வரி பிடிவாதமாக நின்றாள்.

தொட்டி வந்ததும் முதலில் வாசலில் வைத்து வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பார்த்தார்கள். நீர்மட்டம் ஏற ஏற அவளால் அங்கே நிற்க முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த மாமனாரைத் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். மறுநாள் காலையில் ஒட்டிய இடமெல்லாம் மெல்லிய தாளை ஓட்டிப் பார்த்தாள். தாள் காய்ந்தே இருந்தது. அதன்பிறகும் அவளுக்குத் தூக்கம் வர நாளாயிற்று.

உடைந்த தரையோட்டை மாற்றி, இரும்பு மேசையைச் சமம் பார்த்து நிறுத்தி, தொட்டியை எதிர்ச்சுவரில் வைத்தார்கள். கட்டில் ஜன்னலடிக்குப் போயிற்று. மின்சாரச் செருகிகள் எல்லாம் சுவரில் உயரமாக ஏறின. மீன்கள் தொட்டிக்குள் விடப்பட்டன. கண்ணாடி இருப்பதே தெரியாமல் அவை கூடத்துக் காற்றில் மிதப்பதுபோல் இருந்தன. சாம்பசிவம் பார்த்துக்கொண்டே இருந்தார். யோகேஸ்வரி தினமும் காலையில் நான்கு மூலைகளையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு உட்கார்ந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்த பொழுதில், அவள் அதைப் பார்த்தாள். முன்கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து மேலே போயிருந்தது.

இந்த முறை கால்கள் நிற்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாள். பிரேக்குகளை விடுவித்தாள். மாமனாரைக் கட்டிலோடு சமையலறைக்கு இழுத்துவிட்டாள். அதன்பிறகே செருப்பை மாட்டிக்கொண்டு கைவிளக்கோடு தொட்டிப் பக்கம் போனாள். தரை காய்ந்திருந்தது. கோட்டின்மேல் நகத்தை ஓட்டினாள், எங்கும் தட்டவில்லை. கோடு உட்பக்கம் இருந்தது. மேலே மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு விரலால் தேய்த்தாள். கோடு வழித்துக்கொண்டு வந்தது. அதன் மேல்முனையில் அரிசி அளவு நத்தையொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈரக்கை சொட்டச் சொட்டச் சமையலறைக்கு வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். நத்தைதான் என்றாள்.

“பயந்துட்டியா?” என்றார் சாம்பசிவம்.

“ஆமா மாமா.”

“நானும்தான்,” என்றார் அவர். இடது கையால் கட்டில் கம்பியை அவர் இறுகப் பிடித்திருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டாள். தொட்டி உடைந்த நாளிலிருந்தே என்று தலையாட்டினார்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பிறகு அவள் கேட்டாள், கட்டிலை இங்கேயே விட்டுவிடட்டுமா, அங்கே கொண்டுபோகட்டுமா என்று. அவர் கூடத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் எழுந்து சுவிட்சைப் போட்டாள். பம்பு முனகி ஓடத் தொடங்கியது. கட்டிலை மெதுவாகத் தள்ளி ஜன்னலடியில் நிறுத்தினாள். பிரேக்கை மட்டும் அன்றைக்கு அவள் பூட்டவில்லை.