பானைக்குக் காவல்

மனிதன் நெருப்பைக் கண்ட நாள்தொட்டு அதை முழுதாக அடக்கி ஆண்டவர் ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். இது பாண்டியராஜன் அண்ணாச்சியின் கருத்து. அவர் மனைவி சுதாராணிக்கு இதில் உடன்பாடில்லை. காஸ் அடுப்பைப் பற்ற வைக்கவே அண்ணாச்சிக்கு நாலு குச்சி வேண்டும்.

தை மாதம் ஒரு ரிமோட் விமானம் வாங்கினார். வாங்கிய கையோடு 'கரிசல் விமானக் கழகம்' தொடங்கித் தலைவரும் ஆனார். வேறு உறுப்பினர் இல்லாததால் தேர்தல் அமைதியாக நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் முதல் ஓட்டம். பார்க்க வருகிறவர் சாத்தூர் சம்மந்தி குருசாமி. மகள் கல்யாணத்தில் அண்ணாச்சி ஏற்பாடு செய்த ஜெனரேட்டர் தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோனதை இன்றுவரை ஊர் ஊராகச் சொல்லிவருபவர். விமானம் பறந்தால்தான் அந்த வாய் அடைபடும்.

விமானத்தின் பேட்டரியை வெள்ளிக்கிழமையே ஏற்றியாயிற்று. ரிமோட்டின் பேட்டரிதான் பாக்கி. சனிக்கிழமை அரைநாள் வேலை. மணியடித்து ஆட்கள் போனதும், வழக்கமான காரியங்களை ஒன்றுவிடாமல் முடித்துவிட்டு, தீக்குச்சி மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்கு எட்டத்தில் இருக்கும் தன் அறைக்கு வந்தார். மண்பானையில் மணல் பரப்பி, பேட்டரியைச் சார்ஜரோடு உள்ளே இறக்கி, ஒயர் போக மட்டும் வழிவிட்டு மூடினார். இருபுறமும் மணல் வாளி. நடுவில் நாற்காலி போட்டு அண்ணாச்சி.

சாப்பாடு கொண்டுவந்த சுதாராணி வாசலிலேயே நின்றாள்.

"என்ன இது, பொங்கல் விடுதியளா?"

"பேட்டரி சார்ஜ் ஏறுது. சத்தம் போடாத."

"ஏறுதான்னு தெறந்து பாத்தியளா?"

"தெறக்கப்பிடாது. தீப்பிடிச்சா பானைக்குள்ளயே அடங்கணும். ஆளில்லாமயும் விடப்பிடாது. அதாம் காவல் இருக்கேன்."

"அதுக்கு ஏன் சட்டை இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கு?"

"பாதுகாப்புன்னா சும்மாவா?"

பொழுது சாயும்வரை டீ குடிக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கண்மாயில் விமானத்துக்கு ரோஜா மாலை போட்டார். கனம் கூடும் என்று கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். ரிமோட்டை முடுக்கியதும் அது கீச்கீச்சென்றது.

"என்ன சம்மந்தி, கோழிக்குஞ்சு மாதிரி கத்துது?" என்றார் குருசாமி.

"ரெடின்னு சொல்லுது."

விமானம் எழும்பிவிட்டது! ஆட்டுக்கிடைக்கு மேலே அழகாக ஒரு வட்டம். குருசாமி வாய் பிளந்து பார்த்தார். அண்ணாச்சி விமானத்தைப் பார்க்கவில்லை; அந்த வாயைத்தான் பார்த்தார். அப்போது ரிமோட் கத்துவதை நிறுத்தியது. திரை இருண்டது. மேலே மோட்டார் நின்றது. விமானம் மூக்குக் குத்தி உடைமரத்துக்குள் இறங்கியது.

"அன்னைக்கு ஜெனரேட்டரு, இன்னைக்கு ஏரோப்பிளேனு" என்று சொல்லிக்கொண்டே குருசாமி செல்போனை எடுத்து சாத்தூருக்கு அடித்தார்.

"பேட்டரிக்காரன் ஏமாத்திட்டாம்" என்றார் அண்ணாச்சி.

இறக்கையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்த சுதாராணி நிமிர்ந்தாள்.

"ஏங்க, நேத்து ஆபீஸ்ல மெயினை யாரு அணைச்சா?"

"நாந்தாம். ஆள் போனதும் மெயினை அணைக்கணும்னு செவுத்துல எழுதி வச்சதே நாந்தான? என்னைக்காவது தவறியிருக்கனா?"

"அணைச்சிட்டுத்தாம் பானைய வச்சியளோ?"

அண்ணாச்சி கழுத்து மாலையைக் கழற்றினார்.

காவல் இருந்த நேரம் முழுக்க, அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியும் ஓடவில்லை.