முதலில் தொட்டவள்

தனக்கோடிக்குக் காலையிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். பெங்களூர் தொம்மலூரில் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போதே லட்சுமம்மா ஆரம்பித்துவிட்டாள். சிங்கப்பூர் போய்வந்து மூன்று வாரமாகிறதே, போட்டோ எங்கே, போட்டோ எங்கே என்று ஒரே குடைச்சல். போனது சிங்கப்பூரா, சிவாஜி நகரா என்று ஒரு கேள்வி வேறு. குழாயடியே சிரித்தது. சாயந்திரம் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரே காட்டுகிறேன், அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? இந்திராநகரில் தேசிகன் சார் வீட்டில் ஐந்து வருஷமாக வேலை. கம்பெனி அவரை மூன்று மாதம் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது, குழந்தை அச்யுத் தனக்கோடி ஊட்டினால்தான் வாயைத் திறப்பான் என்று ஸ்ரீவித்யா அம்மாதான் அலைந்து திரிந்து இவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக சயின்ஸ் சென்டருக்குப் போனார்கள். ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி, காற்றிலேயே மிதக்கும் பந்து என்று என்னென்னவோ இருந்தது. தனக்கோடியும் குழந்தையோடு குழந்தையாக ஓடினாள்.

கடைசியில் ஒரு மேடை. அதன்மேல் பூசணிக்காய் பருமனில் ஒரு வெள்ளி உருண்டை. கையை வைத்தால் கரண்ட் ஏறி, தலைமுடி குத்திட்டு நிற்குமாம். அச்யுத் நான்தான் தொடுவேன் என்று அடம்பிடித்தான். அப்போதுதான் ஸ்ரீவித்யா அம்மா இவள் தோளில் கைவைத்து, நீ முதல்ல போ தனக்கோடி என்றார்கள்.

முதல்ல போ! அந்த வீட்டில் காபி இவளுக்குக் கடைசியில்தான். சாப்பாடும் கடைசி, காரில் ஏறுவதும் கடைசி. சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் வீடு ரெண்டுபடும் என்பதால் ஐந்து வருஷமாக எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை. அங்கே நின்ற பெண் அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினாள். ஊரிலிருந்து கொண்டுபோன எண்ணெய் தீர்ந்து, அன்று ஷாம்பு போட்டு அலசிய தலை. அவிழ்த்துவிட்டு உருண்டையில் கைவைத்தாள். முடியெல்லாம் நாலாபக்கமும் எழும்பி நின்றது. வந்தவர்கள் எல்லாம் கைதட்ட, தனக்கோடி வாய்விட்டுச் சிரித்தாள். தேசிகன் சார் அதைப் போட்டோ எடுத்தார். உனக்கும் ஒரு பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று அம்மா சொன்னார்கள். திரும்பி வந்ததும் தொம்மலூர் முழுக்க அவள் சொன்னது அந்த ஒரு விஷயத்தைத்தான். அம்மா என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

போட்டோதான் வந்தபாடில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாள் ஓடியது. இன்று கேட்டே வாங்கிவிடுவது என்று வேலைக்குப் போனால், சாயந்திரம் சாரின் ஆபீஸ் நண்பர் சுப்ரமணியனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். இவள் காபித் தட்டோடு ஹாலுக்கு வரும்போது ஆல்பம் அவள் போட்டோ இருந்த பக்கத்தில் திறந்திருந்தது. சுப்ரமணியனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸ்ரீவித்யா சாவகாசமாகக் கதை சொன்னாள்.

"அச்சு தொடறேன்னு ஒரே அழுகை. குழந்தைக்கு ஷாக் கீக் அடிச்சுடுத்துன்னா? அதான் முதல்ல இவளைத் தொடச் சொன்னேன். இவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னு பார்த்தப்புறம்தான் அவனை விட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தேசிகன்கூடச் சிரித்தார். தனக்கோடி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆகா, என்ன மனசு, என்ன மனசு! செத்தால் இவள் சாகட்டுமாம், பிழைத்தால் பிள்ளை விளையாடட்டுமாம். அதைப் பெருமையென்று நினைத்துத் தெருத்தெருவாகத் தம்பட்டம் அடித்தாளே, அந்த முட்டாள்தனத்தை நினைத்தபோதுதான் ஆத்திரம் தாங்கவில்லை. குளிக்கிற வெந்நீரில் முதலில் முழங்கையை விட்டுப் பார்ப்பது யார்? பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பது யார்? அதெல்லாம் பாசத்தில் செய்தது. இந்தப் பொம்பளை அதற்கும் சோதனை என்றுதான் பெயர் வைத்திருப்பாள் போலிருக்கிறது.

ஹாலிலிருந்து ஸ்ரீவித்யாவின் குரல் வந்தது. அச்சுவுக்குப் பாலைச் சூடு பார்த்துக் கொண்டுவரச் சொல்லி.

தனக்கோடி டம்ளரை எடுத்தாள். மணிக்கட்டில் விடவில்லை. நேரே ஹாலுக்குப் போய் ஸ்ரீவித்யாவின் முன்னால் நீட்டினாள்.

"நீங்க முதல்ல குடிச்சுப் பாருங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா குழந்தைக்குக் குடுக்கலாம்."

சுப்ரமணியன் காபியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஸ்ரீவித்யாவின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. என்ன பேசறே நீ, ஜூன்ல மறுபடி சிங்கப்பூர் கிளம்பணும், உனக்கும் விசாவுக்குக் குடுத்திருக்கு என்று ஏதேதோ சொன்னாள். தனக்கோடி டம்ளரை மேஜையில் வைத்தாள். ஆல்பத்தின் கண்ணாடித்தாளை விலக்கி, தன் போட்டோவை மட்டும் உருவினாள். வாசலில் அச்யுத் வந்து புடவையைப் பிடித்துக்கொண்டான். அவன்மேல் என்ன கோபம் இருக்கிறது? தலையைத் தடவிவிட்டு, விரலை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

குழாயடியில் லட்சுமம்மா காத்திருந்தாள். போட்டோவைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளிவைத்துப் பார்த்தாள். நிஜமாகவே போயிருக்கிறாய் என்று ஒப்புக்கொண்டாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்றாள்.

"உன்னை முதல்ல அனுப்பினது அந்தம்மாதானே?"

தனக்கோடி போட்டோவைத் திரும்ப வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"எவளும் அனுப்பல. நானாத்தான் போய்த் தொட்டேன்."